பசுவுக்கு முன் பற்றீரியாவுக்குத் தீனி

கச்சான் காற்று வீசத் தொடங்கி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மேட்டுநிலப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பால் சேகரிப்பு நிலையங்களுக்கு வரும் பால் குறைந்துவிடுவதை மட்டக்களப்பில் மாடு வளர்க்கும் எல்லோரும் அறிவார்கள். அந்த நாட்களில் இரண்டு பண்ணையாளர்கள் சந்தித்தால் பேச்சு உடனே இனத்துக்குப் போய்விடுகிறது. ஜேர்சிக் கலப்பு வாங்கலாமா, சாகிவால் இந்த வெயிலைத் தாங்குமா, நாட்டு மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்கள். இனம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் பால் வற்றுவதன் முதற்காரணத்தை மாட்டின் இடப்பக்க வயிற்றுக்குள் தேடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. அவை பட்டினி கிடக்கும்வரை எந்த இனத்தைக் கொண்டுவந்து கட்டினாலும் பால் வராது.

மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவதும் மிகப்பெரியதுமான ரூமன், வளர்ந்த பெரிய பசு ஒன்றில் 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். வெப்பநிலை ஏறக்குறைய 39 பாகை செல்சியசு. ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. எப்போதும் ஈரமும் கலக்கலும் உண்டு. இந்தச் சூழலில் ஒவ்வொரு மில்லிலீற்றர் திரவத்திலும் ஆயிரம் கோடிக்குக் குறையாத பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு புரொட்டோசோவா எனும் ஒருகல உயிர்கள் இலட்சக்கணக்கிலும், நார்களுக்குள் வேர்விட்டு அவற்றைப் பிளக்கும் பங்கசுகளும், மெதேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்களும் உண்டு. புரொட்டோசோவாக்களை 1843ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார்கள். பங்கசுகள் இருப்பதை 1975இல்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த கொலின் ஓர்பின் நிறுவினார். அதுவரை அவற்றின் நீந்தும் வித்திகளைப் புரொட்டோசோவா என்றே எண்ணிவந்தார்கள்.

புல்லிலும் வைக்கோலிலும் உள்ள செலுலோசைச் சிதைக்கும் நொதியம் பசுவின் உடலில் சுரப்பதில்லை. மனிதரைப் போலவே பசுவும் தனியே நின்றால் வைக்கோலைச் சமிக்கச்செய்ய முடியாது. பைபுரோபக்டர், ருமினோகொக்கசு போன்ற பற்றீரியாக்கள் நாரின்மேல் ஒட்டிக்கொண்டு அதைக் கரைக்கின்றன. பசு செய்வதெல்லாம் அவற்றுக்கு இடம் கொடுத்து, உணவை அரைத்துத் தந்து, உமிழ்நீரால் அமிலத்தைச் சமன்படுத்துவதுதான். நல்ல நாருணவு தின்னும் பெரிய பசு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கும் மேலான உமிழ்நீரைச் சுரக்கிறது. அதில் இருக்கும் பைகாபனேற்றுத்தான் ரூமனின் அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்கிறது. இரைமீட்கும்போதுதான் உமிழ்நீர் அதிகம் சுரக்கும் என்பதால், ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் இரைமீட்கும் மாடு தன் வயிற்றைத் தானே பேணிக்கொள்கிறது. கிரான் பக்கத்தில் நான் மதிக்கும் முதிய பட்டிக்காரர் ஒருவர், "மாடு இரைமீட்கல்ல எண்டா மடியப் பாக்காத புள்ள, வயித்தப் பாரு" என்பார். இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் பொத்திய கைமுட்டியை அழுத்தி வைத்துப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை ரூமன் சுருங்கி முட்டியை வெளியே தள்ளும். அந்த அசைவு குறைந்திருந்தால் காய்ச்சல் மருந்து தேடுவதற்கு முன் நேற்று என்ன தின்றது என்று விசாரிப்பதே சரி.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ரூமன் திரவத்தை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அறுத்த மாட்டிலிருந்து எடுத்த திரவத்தைச் சுடுநீர்ப் போத்தலில் சூடு ஆறாமல் கொண்டுவந்திருந்தார்கள். பச்சையும் கபிலமும் கலந்த நிறம். புளித்த புல்லின் மணம். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, முட்டை வடிவப் புரொட்டோசோவாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. சிலவற்றின் உடலுக்குள் அவை விழுங்கிய மாப்பொருள் மணிகள் தெளிவாகத் தெரிந்தன. தகடு குளிரக் குளிர ஓட்டம் மெதுவாகி, சற்றுநேரத்தில் எல்லாம் நின்றுவிட்டன. வெப்பநிலையில் சில பாகை மாற்றமும் சிறிது காற்றும் போதும், அந்த உலகம் முடிந்துவிடும். தீனியை மாற்றும்போது இவ்வளவு அவதானம் தேவையா என்று கேட்போரிடம் நான் அந்தத் தகட்டைப் பற்றித்தான் சொல்வது வழக்கம்.

இனிப் பாலுக்கு வருவோம். நுண்ணுயிர்கள் நாரையும் மாப்பொருளையும் நொதிக்கச்செய்து மூன்று முக்கிய கொழுப்பமிலங்களை வெளிவிடுகின்றன: அசற்றிக், புரோப்பியோனிக், பியூற்றிக் அமிலங்கள். இவை ரூமனின் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கின்றன. பசுவுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இவற்றிலிருந்தே வருகிறது. அசற்றிக் அமிலம் மடியில் பாற்கொழுப்பாக மாறுகிறது. புரோப்பியோனிக் அமிலத்தை ஈரல் குளுக்கோசாக மாற்ற, அந்தக் குளுக்கோசிலிருந்து மடி லக்டோசை உருவாக்குகிறது. லக்டோசு எவ்வளவு உருவாகிறதோ அதற்கேற்ப நீர் மடிக்குள் இழுக்கப்படுவதால், பாலின் அளவைத் தீர்மானிப்பது லக்டோசே. பசு தின்னும் உணவிலிருந்து குளுக்கோசு நேரடியாக இரத்தத்துக்குப் போவது மிகவும் அரிது; முதலில் பற்றீரியா தின்றுவிடுகிறது. ஆகவே ஒரு போத்தல் பால் கூடுவதும் குறைவதும் அந்தப் பற்றீரியாவின் வேலையைப் பொறுத்தது.

அதோடு முடிவதில்லை. பெருகிய நுண்ணுயிர்கள் உணவோடு அடித்துச் செல்லப்பட்டு நான்காம் அறைக்குப் போகும்போது, பசு அவற்றையே சமிக்கச்செய்கிறது. நம் கண்ணீரில் பற்றீரியாவைக் கொல்லும் லைசோசைம் என்ற நொதியம், இரைமீட்கும் விலங்குகளின் உண்மையான இரைப்பையான இந்த நான்காம் அறையில் சமிபாட்டு நொதியமாகச் சுரக்கிறது. சிறுகுடலை அடையும் புரதத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு இறந்த நுண்ணுயிர்களின் புரதமே. பாலில் உள்ள புரதத்தின் பெரும்பங்கை நேற்றுவரை ரூமனில் உயிரோடிருந்த பற்றீரியா தந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதை அறிந்தால் பால் சேகரிப்பு நிலையத்தில் எழும் ஒரு மனவருத்தத்துக்கும் விளக்கம் கிடைக்கும். பாலுக்கான விலை கொழுப்பின் அளவையும் கொழுப்பற்ற திண்மத்தின் (லக்டோசு, புரதம் முதலியவற்றின்) அளவையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொழுப்பு திடீரென்று குறைந்தால், தண்ணீர் கலந்துவிட்டாயா என்ற பார்வை பண்ணையாளர்மேல் விழுகிறது. வேலிக்குள் நேர்மையாகக் கறந்து கொண்டுவந்தவருக்கு அதைவிட வலி வேறில்லை. தண்ணீர் கலந்த பாலில் கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் சேர்ந்தே இறங்கும். வைக்கோலையும் புல்லையும் குறைத்துத் தவிட்டையும் அரிசிக் குறுணலையும் கூட்டிக் கொடுத்த மாட்டிலோ, அசற்றிக் அமிலத்தின் விகிதம் குறைந்து புரோப்பியோனிக் அமிலத்தின் விகிதம் கூடும்; கொழுப்பு மட்டும் சரிந்து, மற்றது ஏறக்குறைய அப்படியே நிற்கும். பட்டினிக் கோடையில் இதற்கு மாறாகக் கொழுப்பு நிலைத்து நிற்க, திண்மம் இறங்குவதைக் காணலாம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதிவந்தால், ரூமனில் என்ன நடக்கிறது என்பதை மாட்டைத் தொடாமலேயே ஓரளவு ஊகிக்கலாம். பற்றுச்சீட்டில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு அதை எறிந்துவிடுவது பெரிய இழப்பு.

நம் மாவட்டத்தில் மாட்டின் ஆண்டு, நெல்லின் ஆண்டோடு பின்னிக்கிடக்கிறது. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகளை வயலோரத்திலிருந்து விலக்கி, மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோவார்கள். மாரி மழையில் அங்கே புல் செழிக்கும். ரூமனுக்கும் அதுவே பொற்காலம். அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயலுக்குத் திரும்பி அடித்தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். பிறகு வெயில் ஏற ஏற, வைக்கோலே மிஞ்சும். அந்த மேய்ச்சல் தரைகளைப் பயிர்ச்செய்கைக்குப் பிடிப்பதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை நிலத்தகராறாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. மழைக்காலப் புல்லை இழக்கும் பட்டியில் அடுத்த கன்றுக்கான சினையும், அடுத்த ஆண்டுக்கான பாலும் சேர்ந்தே போகின்றன என்பதை அவர்கள் காணவேண்டும். வட்டமடு மேய்ச்சல் தரையைப் பற்றிப் பேசும் அம்பாறைப் பண்ணையாளர்களுக்கும் இதைப் புதிதாக யாரும் சொல்லத் தேவையில்லை.

வைக்கோலின் குறை என்ன? அதில் சக்தி இருக்கிறது, ஆனால் இலிக்னினாலும் சிலிக்காவாலும் பூட்டப்பட்டிருக்கிறது. புரதமோ நான்கு சதவீதம் அளவில்தான் உண்டு. உணவில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பற்றீரியாக்களுக்கு நைதரசன் போதாமல் பெருக்கம் தடைப்படும். பெருக்கம் தடைப்பட்டால் நார் கரைய நாளாகும்; நார் கரையாவிட்டால் ரூமன் காலியாகாது; ரூமன் காலியாகாவிட்டால் மாடு தின்னாது. முன்னால் வைக்கோற்போர் நிறைந்திருக்க, வயிறு நிரம்பிய தோற்றத்தோடு மாடு மெலிவதன் இரகசியம் இதுதான். கோடையில் நம் மாடுகளிற் பல, வயிறு நிறையத் தின்று பட்டினி கிடக்கின்றன.

இதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட வழி யூரியா ஊட்டிய வைக்கோல். இலங்கையில் இது 1980களிலேயே விரிவாக ஆராயப்பட்டு, பண்ணையாளருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி ஒவ்வோர் அடுக்கின்மேலும் சீராகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடிவிட வேண்டும். வைக்கோலில் இயல்பாகவே இருக்கும் பற்றீரியாக்களின் நொதியம் யூரியாவை அமோனியாவாக மாற்றும். அமோனியா நாரை உப்பச்செய்து அதன் பூட்டைத் தளர்த்துவதோடு, மிச்சமிருப்பது ரூமன் பற்றீரியாவுக்கு நைதரசனாகவும் பயன்படும். நம் வெப்பத்தில் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஆயத்தமாகிவிடும். திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் வாடை வரும்; நிறம் பொன்மஞ்சளிலிருந்து கபிலத்துக்கு மாறியிருக்கும்; கையில் எடுத்துக் கசக்கினால் பழைய மொரமொரப்பு இராது. தேவையானதை வெளியே எடுத்துச் சற்றுநேரம் ஆறவைத்துக் கொடுக்கவேண்டும். முதல் இரண்டொரு நாள் மாடு முகர்ந்துவிட்டு விலகும். பழைய வைக்கோலோடு கலந்து பழக்கினால் பிறகு அதையே தேடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு யூரியா கிடைக்காமலும், பின்னர் விலை ஏறியும் போனபோது இந்தப் பழக்கம் பல வீடுகளில் விட்டுப்போனது. இன்னும் பலர் அதற்குத் திரும்பவில்லை என்பது எனக்கு வருத்தம்.

யூரியா வேண்டாம் என்பவர்களுக்கு வேலியிலேயே மருந்து இருக்கிறது. வேலிமரமான கிளிசரிடியாவின் இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உண்டு. வெட்டியவுடன் அதன் மணத்துக்கு மாடு முகம் திருப்பும். ஒரு பகல் வாடவிட்டுக் கொடுத்தால் தின்றுவிடும். இபில் இபில் மரத்தின் இலையும் அவ்வாறே சத்துள்ளது, ஆயினும் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் தீனியில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. இந்த மைமோசினைப் பற்றிய வரலாறு, ரூமன் நுண்ணுயிரின் வல்லமைக்கு நான் அறிந்த மிகச்சிறந்த சான்று. அவுஸ்திரேலியாவில் இபில் இபில் மேய்ந்த மாடுகளுக்கு மயிர் கொட்டியது, தைரொயிட்டுச் சுரப்பி வீங்கியது. ஹவாயிலோ ஆடுகள் அதே இலையை வயிறு நிறையத் தின்றுவிட்டு நலமாகத் திரிந்தன. வேறுபாடு ஆட்டிலா, ஆட்டின் வயிற்றில் வாழ்வதிலா என்று கேட்ட ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், 1980களில் ஹவாய் ஆடுகளின் ரூமன் நுண்ணுயிர்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து அங்குள்ள கால்நடைகளுக்குப் புகட்டினார். அவற்றின் நோய் நீங்கியது. பக்கத்தில் மேய்ந்த மாடுகளுக்கும் அந்தப் பற்றீரியா தானாகவே பரவியது. 1992இல் அதற்குச் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் நினைவாகவே பெயரிட்டார்கள்.

பட்டினி ஒரு பக்கமென்றால், மிதமிஞ்சிய அன்பு மறுபக்கம். பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டும் நம் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது; ஒரு கவளம், இரண்டு கவளம் எந்த மாட்டையும் ஒன்றும் செய்யாது. அன்று மிஞ்சிய பானைப் பொங்கலையும், கோயில் அன்னதானத்தில் மீந்த சோற்றையும், கலியாண வீட்டுச் சோற்றையும் வாளியோடு கொண்டுவந்து வைப்பதே ஆபத்து. வெந்த சோற்றின் மாப்பொருள் ரூமனில் மிக வேகமாக நொதிக்கும். ஸ்ட்ரெப்டொகொக்கசு போவிசு என்ற பற்றீரியா அளவுகடந்து பெருகி லக்டிக் அமிலத்தைக் கொட்டும். அமிலம் கூடக்கூடக் குறையும் பீ.எச். பெறுமானம், ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கவேண்டியது, ஐந்துக்கும் கீழே போகக்கூடும். அந்த அமிலத்தில் நார் கரைக்கும் பற்றீரியாக்களும் புரொட்டோசோவாக்களும் செத்துமடியும். உடலின் நீர் ரூமனுக்குள் இழுபடுவதால் கண் குழிந்து, சாணம் தண்ணீராகப் புளித்த மணத்தோடு கழிந்து, மாடு படுத்துவிடும். ஒரே நாளில் இறந்துபோவதும் உண்டு. தப்பிப் பிழைத்த மாட்டுக்குச் சில வாரங்களில் குளம்பு வலி வந்து, பால் பழைய நிலைக்கு வராமலே போகலாம். சோறு வாளியைக் காலிசெய்த மாடு இரைமீட்காமல் நின்றால் விடியும்வரை காத்திராமல் கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். மிஞ்சிய சோற்றை எறிய மனமில்லாதவர்கள், பல மாடுகளுக்கு வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.

அண்மைக்கால ஆய்வுகள் இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை மரபணு வழியாகவே எண்ணிப் பார்க்கின்றன. 2014இல் இஸ்ரேலில் 15 பசுக்களில் செய்த ஆய்வொன்று, பெர்மிக்கியூட்டீசு, பக்டீரொய்டீட்டீசு என்ற இரு பெரும் பற்றீரியாத் தொகுதிகளின் விகிதத்துக்கும் பாற்கொழுப்பு விளைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2019இல் ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பசுக்களை ஆராய்ந்தவர்கள், நுண்ணுயிர்களில் ஒரு சிறு பகுதி பசுவின் பரம்பரையோடு இணைந்து வருவதாகவும், பாலோடும் மெதேனோடும் அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் கண்டார்கள். என்னை மிகவும் சிந்திக்கவைத்தது அமெரிக்காவின் விஸ்கொன்சினில் செய்து 2017இல் வெளியான சோதனை. தீனியைத் திறமையாகப் பாலாக்கும் பசுவின் ரூமனில் இருந்ததை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துத் திறமை குறைந்த பசுவுக்கும், அதனுடையதை இதற்கும் மாற்றி வைத்தார்கள். சில நாட்களுக்குப் பெரும்பாலான பசுக்களில் பாலின் திறனும் மாறியது. பிறகு பெரும்பாலான பசுக்கள் தம் பழைய கூட்டத்தையே மீண்டும் கட்டி எழுப்பிப் பழைய நிலையை நோக்கித் திரும்பின.

பால் கூட்டும் பற்றீரியா என்று பொதியில் வரும் தூள்களைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு இந்தச் சோதனையையே பதிலாகச் சொல்கிறேன். ரூமன் முழுவதையும் மாற்றியும் நிலைக்காதது, ஒரு தேக்கரண்டித் தூளில் நிலைக்குமா? நன்றாக உறைந்த சட்டித் தயிரின்மேல் வேறோர் உறையை ஒரு கரண்டி விட்டால் தயிரின் குணம் மாறிவிடாது. வெயிலில் வாடிய மாட்டுக்கும் அமிலம் கூடிய மாட்டுக்கும் ஈஸ்ட் கலந்த சில தயாரிப்புகள் ஓரளவு உதவுவதுண்டு. அந்தப் பணத்துக்குத் தேங்காய்ப் புண்ணாக்கும் கனியுப்பும் வாங்குவதே முதலில் செய்யவேண்டியது. ஹவாய் ஆட்டின் பற்றீரியா அவுஸ்திரேலியாவில் நிலைத்ததற்கும் காரணம் உண்டு: அங்கிருந்த எந்த நுண்ணுயிரும் தின்னாத ஒரு பொருளை அது தின்றது, அதற்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது.

நிலைத்த கூட்டம் கன்றிலேயே உருவாகிறது. பிறந்த கன்றின் ரூமன் சிறியது. குடிக்கும் பால் அதற்குள் போகாமல் ஒரு பள்ளத்தின் வழியே நேராக நான்காம் அறைக்குப் போய்விடும். தாய் நக்குவதாலும், மடியாலும், தரையாலும், தீனியாலும் நுண்ணுயிர்கள் முதல் நாளிலிருந்தே குடியேறத் தொடங்கும். கன்று கொறிக்கும் திண்ம உணவு நொதித்து உண்டாகும் பியூற்றிக் அமிலமே ரூமனின் உட்சுவரில் உறிஞ்சும் முளைகளை வளர்க்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்தே ஒரு பிடி இளம்புல்லும் சிறிது கன்றுத் தீனியும் சுத்தமான தண்ணீரும் முன்னால் இருக்கவேண்டும். பால் மிச்சம் பிடிப்பதற்காகக் கன்றை அரைவயிற்றில் கட்டிவைத்து, வைக்கோலை மட்டும் காட்டி வளர்த்தால், இரண்டு ஆண்டு கழித்து அது ஈனும்போது அந்தக் குறை மடியில் தெரியும். ஆறு மாதம் நிரம்பாத கன்றுக்கு யூரியா வைக்கோல் கூடவே கூடாது. அமோனியாவைப் பிடித்துப் புரதமாக்கும் பற்றீரியாக்கள் அதன் வயிற்றில் இன்னும் போதுமான அளவு பெருகியிருக்காது. வளர்ந்த மாட்டுக்கும் யூரியாவை ஒருபோதும் குடிதண்ணீரில் கரைத்து வைக்கக்கூடாது. வைக்கோல் கழுவிய தண்ணீரைக்கூட மாடு எட்டாத இடத்தில் ஊற்றிவிடுங்கள்.